ஒரு புள்ளி குறையாமல்

அந்தப் பைய மேல வைக்க வேண்டாம் தம்பி. இருக்கட்டும், என் மடியிலயே இருக்கட்டும். நீங்க உபகாரத்துக்குத்தான் கை நீட்டினீங்க, தெரியுது. மேல வச்சா குலுங்கும். கல்லுப்பட்டி வரைக்கும் ரோடு எப்படின்னு ராஜபாளையத்துக்காரருக்கு நான் சொல்லணுமா? உக்காருங்க. சன்னல் ஓரம் நீங்களே எடுத்துக்கோங்க. எனக்கு வெயில் ஆகாது. எனக்குன்னா எனக்கில்ல, இந்தப் பைக்கு.

முன்னால ரெண்டாவது சீட்டுல பச்சைச் சேலை தெரியுதுல்லா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு? அதான் என் வீட்டுக்காரி, பூரணம். சங்கரன்கோவில்ல ஏறும்போது ரெண்டு பேரும் சேந்துதான் உக்காந்தோம். நான்தான் எந்திரிச்சுப் பின்னால வந்துட்டேன். அவ தலைக்கு மேல பாருங்க, பாட்டுக்கு ரெண்டு பெரிய ஸ்பீக்கர் மாட்டியிருக்கான். ஸ்பீக்கருக்குள்ள காந்தம் இருக்கு. டேப்புக்குக் காந்தம் ஆகாது. இத்தன தூரத்துக்கு ஒன்னும் ஆகாதுன்னு தென்காசியில ஒருத்தர் சொன்னாரு. ஆனா ஆயிருச்சுன்னா அவரா வந்து கொடுப்பாரு?

உள்ள ஒன்பது கேசட்டு இருக்கு. கேம்கார்டர் கேசட்டு. தீப்பெட்டியவிடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். கூட ஒரு ஹார்டு டிஸ்க்கு. டப்பாவுக்குள்ள ஈரம் ஏறாம இருக்க, மாத்திரை டப்பாவுல சின்னதா ஒரு பொட்டலம் போட்டு வரும்லா, அதச் சேத்து வச்சிருக்கேன். பூரணத்துக்கு சுகரு. அவ மாத்திரை டப்பா ஒவ்வொன்னு காலியாகும்போதும் அந்தப் பொட்டலத்த எடுத்து இதுக்குள்ள போட்டுருவேன். பன்னெண்டு வருசப் பொட்டலம் கெடக்கு.

என் பேரு நல்லபெருமாள். பத்திர ஆபீசுல இருந்து ரிட்டயர் ஆனவன். அங்க எனக்கு என்ன வேலைன்னு கேளுங்க. ஒப்புப் பாக்குற வேலை. அப்பல்லாம் பத்திரத்த எடுத்து புஸ்தகத்துல கையால நகல் எழுதுவாங்க. ஒருத்தர் மூலத்த வாசிப்பாரு, நான் நகலப் பாத்துக்கிட்டே வருவேன். முப்பத்தொரு வருசம். ‘கிழக்கு மேற்கு நாற்பத்தி ஏழரை அடி’ன்னு மூலத்துல இருந்து, நகல்ல அந்த ‘அரை’ விட்டுப்போச்சுன்னு வைங்க, அண்ணன் தம்பி வெட்டிக்கிடுவான். நான் ஒப்புப் பாத்த நகல்ல ஒரு எழுத்து தப்புன்னு எவனும் சொன்னது கெடையாது. கண்ணு அப்படி. மூலம்னா மூலம், நகல்னா நகல். ரெண்டும் ஒன்னுன்னு நான் கையெழுத்துப் போட்டா அதுக்கப்புறம் பேச்சே கெடையாது.

இந்த கேம்கார்டர் என் மச்சினன் குவைத்துல இருந்து கொண்டாந்தது. ரெண்டாயிரத்து ஒன்னுல. அவன் அக்காளுக்குன்னுதான் கொண்டாந்தான், ஆனா பூரணத்துக்கு அதெல்லாம் வராது. கையில வாங்கினா, திருப்பித் திருப்பிப் பாத்தா, என்கிட்ட கொடுத்துட்டா. நான்தான் பிடிச்சேன். எங்களுக்கு ஒத்தப் பிள்ளை. சங்கரி. அப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்து ஆண்டுவிழா, குத்தாலம், ஆடித்தபசு, பொங்கல், அவ பாவாடை தாவணி கட்டின அன்னைக்கு, எல்லாம் நான் பிடிச்சதுதான். ஒன்பதாவது கேசட்டுல, அவ அம்மைக்கு சைக்கிள் பழகிக் கொடுக்கா. பள்ளிக்கூட மைதானத்துல. நாப்பது வயசுல பூரணம் சைக்கிள் பழகுதா! பின்னால சீட்டப் பிடிச்சிக்கிட்டு சங்கரி ஓடுதா. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அதுக்கப்புறம் எங்க வீட்டுல யாரும் அப்படிச் சிரிக்கல.

அதுக்கு மூணு மாசம் கழிச்சு டெங்குக் காய்ச்சல். நாலு நாள். பதினாறு வயசு. அத விட்டுருவோம் தம்பி.

வருசம் திரும்பி, திதி கொடுத்த அன்னைக்கு பூரணம் கேட்டா. "ஏங்க, அந்தக் கேசட்டப் போடுங்களேன். பிள்ளை நடக்கிறத ஒரு தடவ பாத்துக்கிடுதேன்." போட்டோல்லாம் மாட்டியிருக்கோம். ஆனா போட்டோவுல நடக்காதுல்லா. பேசாதுல்லா. சரின்னு போட்டேன். ரெண்டு நிமிசம் ஓடியிருக்கும். சங்கரி மூஞ்சியில கட்டம் கட்டமா விழுந்துச்சு. பாதி மூஞ்சி அங்கன, பாதி இங்கன. உடனே நிப்பாட்டிட்டேன். ஓட ஓடத் தேயும்னு அப்பத்தான் விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவ ஓட்டினா ஒரு தடவைக்குத் தேய்மானம். மூலமே தேஞ்சிருச்சுன்னா அப்புறம் எத வச்சு ஒப்புப் பாக்குறது?

பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன். சாவிய அரைஞாண் கயித்துல கட்டிக்கிட்டேன். பூரணத்துக்கிட்ட சொன்னேன், "இத முதல்ல கம்ப்யூட்டர்ல ஏத்திருவோம், ஒரு புள்ளி குறையாம ஏத்திருவோம். அதுக்கப்புறம் நீ ராவும் பகலும் பாரு. யாரும் ஏன்னு கேக்க மாட்டாக." அவளும் சரின்னா. அவ எதுக்குமே சரிதான்.

ஊருல ஸ்டுடியோ வச்சிருக்கிறவன் ஒரே நாள்ல சீடி போட்டுத் தாரேன்னான். ஒரு கேசட்டு மட்டும் கொடுத்தேன். மஞ்சளும் செவப்பும் வெள்ளையுமா மூணு ஒயர் இருக்கும்லா, அதுல எடுத்திருக்கான். வாங்கிட்டு வந்து மூலத்தையும் நகலையும் ஒப்புப் பாத்தேன். ஆண்டுவிழா டான்ஸுக்கு சங்கரி போட்டிருந்த பாவாடையில, ஓரத்துல பாசிமணி தச்சிருக்கும். பூரணம் கையால தச்சது. மூலத்துல ஒவ்வொரு மணியா எண்ணலாம். நகல்ல ஒரே கோடு. கொண்டு போயி அவன் மேசையில வச்சேன். "இது நகலே கெடையாது"ன்னேன். "அண்ணாச்சி, மூஞ்சி தெரியுதுல்லா, அது போதாதா"ன்னான். போதாதுன்னேன்.

பூரணம் அந்த சீடியக் கேட்டா. "பரவால்லங்க, மணி தெரியாட்டிப் போகுது, அதக் கொடுங்க." நான் உடைச்சிட்டேன் தம்பி. தப்பான நகல் புழக்கத்துல இருக்கக் கூடாது. ஆபீசுல அதான் முறை. கிழிச்சுப் போட்டுட்டுத்தான் புதுசு எழுதணும்.

அப்புறம் விசாரிச்சதுல ஒருத்தர் சொன்னாரு. டேப்புக்குள்ள இருக்கிறதே கம்ப்யூட்டர் கணக்குதானாம். அதுக்குன்னு ஃபயர்வயர்னு ஒரு ஒயர் இருக்கு. அதுல எடுத்தா உள்ள உள்ளது உள்ளபடியே வரும். மூணு ஒயர்ல எடுத்தா கணக்கு படமா மாறி, படம் மறுபடி கணக்கா மாறி வருது. எனக்கு சட்டுன்னு புரிஞ்சிருச்சு. பத்திரத்தையே எடுத்துக் கையில கொடுக்கிறது ஒன்னு, ஒருத்தர் வாசிக்க ஒருத்தர் காதால கேட்டு எழுதுறது ஒன்னு. இல்லியா?

ஆனா அந்த ஒயர் லேசுல கெடைச்சுதா? முதல்ல ஒயர் கெடைக்கல. மதுரையில ஒயர் கெடைச்சது, அத சொருகுற ஓட்டை எங்க கம்ப்யூட்டர்ல இல்ல. அதுக்கு ஒரு கார்டு போடணும்னான். கார்டு வர ஒரு வருசம். கார்டு வந்து எல்லாத்தையும் சொருகி, கேமராவப் போட்டா கேமரா ஓடல. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைதான். ரிப்பேருக்குத் திருச்சி போனேன், சென்னை போனேன். இந்த மாடலுக்கு சாமானே வாரதில்லன்னுட்டான். வேற கேமராவுல போட்டா டேப்ப இழுத்துருமோன்னு பயம். அதே மாடல் தேடினேன். இப்படியே போச்சு. வருசம் போறதே தெரியல தம்பி. நான் சும்மா இருக்கல. எந்த நேரமும் இதே வேலைதான்.

நடுவுல பூரணம் கேப்பா. "என்னங்க, ஆச்சா?" "இரு, ஆயிரும்." தைப்பொங்கலுக்குக் கேப்பா. பிள்ளை பொறந்தநாளுக்குக் கேப்பா. அப்புறம் அப்புறம் கேக்கிறதக் கொறைச்சிட்டா. ஒரு நாள் என் மச்சினன் வந்தவன், "அத்தான், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் பண்ணப் போறீகளா"ன்னான். எனக்கு வந்துச்சே கோவம். எந்திரிச்சுப் போடான்னுட்டேன். அவன் அன்னைக்கு அக்காளோட கண்ணப் பாத்து வச்சுத்தான் அப்படிச் சொல்லியிருக்கான். எனக்கு அது எட்டல.

சுகரு கண்ணுல ஏறிருச்சு தம்பி. கண்ணுக்குப் பின்னால ரத்தம் கசியுதுன்னு, இப்பப் போறோமே, இதே மதுரையில டாக்டரம்மா சொல்லியிருக்காக. "வெளிச்சம் இருக்கும்போதே பாக்க வேண்டியதப் பாத்துக்கோங்கம்மா"ன்னும் சொல்லியிருக்காக. பூரணம் என்கிட்ட சொல்லலன்னுதான் நான் நெனச்சிக்கிட்டிருந்தேன். கேட்டா, சொன்னேங்கா. ஆஸ்பத்திரி வாசல்லயே சொன்னாளாம். நான் போன்ல அந்த கார்டுக்காரன்கிட்டப் பேசிக்கிட்டே ம்ம்னு தலைய ஆட்டினேனாம்.

நீங்களே சொல்லுங்க. வீட்டுல சுவத்தத் தடவிக்கிட்டே நடப்பா. சுண்ணாம்பு உதிருதான்னு பாக்கான்னு நெனச்சேன். குழம்புல ரெண்டு தடவ உப்புப் போடுவா. கவனம் எங்க இருக்குன்னு வைவேன். டிவி போட்டா அவ அடுக்களையிலயே நிப்பா, கேட்டாப் போதும்ங்கா. முப்பத்தொரு வருசம் ஒரு எழுத்து விட்டுப்போனாக் கண்டுபிடிச்சவன் நான். இத மட்டும் எப்படி விட்டேன்னு எனக்கு இன்னும் விளங்கல.

சரி, கேளுங்க. போன வருசந்தான் தென்காசியில ஞானதுரைன்னு ஒருத்தர் ஆப்பிட்டாரு. கல்யாணம், சர்ச்சு எல்லாத்துக்கும் வீடியோ எடுக்கிறவரு. தங்கமான மனுசன். அதே மாடல் கேமரா, ஓடுற நெலமையில, துணி போத்தி வச்சிருந்தாரு. ஃபயர்வயர் உள்ள பழைய கம்ப்யூட்டரும் இருந்துச்சு. முதல்ல டேப்பு ஓடுற தலையச் சுத்தம் பண்ணினாரு. அப்புறம் ஒவ்வொரு கேசட்டையும் கடைசி வரைக்கும் ஓட்டி, பிறகு முதலுக்குச் சுத்தி, அதுக்கப்புறந்தான் ஏத்துனாரு. சும்மா கெடந்த டேப்பு ஒட்டியிருக்கும்லா, அதுக்காக. ஒரு மணி நேரக் கேசட்டு ஏற ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்படுத்த முடியாது. மூணு நாள் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்.

கட்டம் விழுந்துச்சே, ஞாபகம் இருக்கா? அந்த இடம் சுத்தமா வந்துச்சு தம்பி. டேப்பு தேயவே இல்லியாம். அன்னைக்கு என் கேமரா தலையில அழுக்காம். ஞானதுரை சொன்னாரு, "அண்ணாச்சி, தலை துடைக்கிற கேசட்டு ஒன்னு உண்டு. அதப் போட்டிருந்தா அன்னைக்கே அரை நிமிசத்துல சரியாயிருக்குமே. இத்தன வருசமும் போட்டுப் பாத்திருக்கலாமே." அவருக்கு என்ன, லேசாச் சொல்லிட்டாரு. நான் எந்திரிச்சிட்டேன். வெளிய போயி ஒரு டீ குடிச்சேன். குடிச்சேனா கொட்டினேனான்னு இப்ப ஞாபகமில்ல.

ஆனா நகல் சரியான நகல். செகண்டுக்கு இருபத்தஞ்சு படம். விட்டுப்போன படம் எத்தனைன்னு அந்தக் கம்ப்யூட்டரே காட்டுது, சைபர். ஒன்பது கேசட்டுக்கும் சைபர். பாசிமணிய எண்ணினேன். மூலத்துல எத்தனையோ அத்தனையும் இருந்துச்சு. ஒரு தாள்ல எழுதச் சொன்னேன். ‘மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. சரியான நகல்.’ அவரு கையெழுத்து, கீழ என் கையெழுத்து. இந்தா, இந்தப் பைக்குள்ளதான் இருக்கு.

வீட்டுக்கு வந்தேன். பூரணத்தக் குளிக்கச் சொன்னேன், நல்ல சேலை உடுத்தச் சொன்னேன். விளக்கு ஏத்தினா. டிவிக்கு முன்னால நாற்காலி போட்டு உக்கார வச்சேன். நான் டிவிக்குப் பின்னால போயி ஒயரச் சொருகிக்கிட்டிருக்கேன். ஒயர் சரியா உக்காரல. முன்னால இருந்து அவ சொல்லுதா, "வந்துருச்சுங்க. பிள்ளை எவ்வளவு அழகா இருக்கா! மணியெல்லாம் தெரியுதுங்க. ஒவ்வொரு மணியும் தெரியுது." எனக்கு சந்தோசம்னா சந்தோசம். பன்னெண்டு வருசம் பாடுபட்டதுக்குப் பலன். ஓடி வந்து முன்னால நின்னு பாக்கேன்.

டிவியில ஒன்னுமே இல்ல தம்பி. வெறும் நீலம். நான் இன்னும் படத்தப் போடவே இல்ல.

அவ அந்த நீலத்தப் பாத்துச் சிரிச்சிக்கிட்டிருக்கா. அதுவும் நேராப் பாக்கல, கொஞ்சம் சன்னல் பக்கமாப் பாத்து. கண்ணுல தண்ணி வழியுது. எனக்கு மனசு நோகக் கூடாதுன்னு சொல்லியிருக்கா.

மறுபடி பின்னால போயி ஒயர அழுத்திச் சொருகினேன். படத்தப் போட்டேன். ஒன்பதாவது கேசட்டு, சைக்கிள். பாக்க முடியாட்டி என்ன, கேக்கலாம்லா. கேட்டா. நானும் கூட உக்காந்து கேட்டேன். முன்னால நான் எப்பவும் படத்தத்தான் பாத்திருக்கேன், சத்தத்தக் கேட்டதில்ல. அன்னைக்குத்தான் கேட்டேன். பூராவும் என் குரல். "ஏளா, தள்ளு, பிள்ளைய மறைக்கே." "சங்கரி, இங்கன பாரு. சிரி." "வெயிலு எதுக்க வருது, அந்தப் பக்கம் போங்க." கேமராவுக்குப் பக்கத்துல என் வாய்தான இருக்கு, அதனால என் சத்தம் பெருசு. பிள்ளை பேசுறது எங்கயோ தூரத்துல கேக்கு. ஒரே ஒரு இடத்துலதான் பளிச்சுன்னு கேக்கும். "அப்பா, அந்தக் கேமராவக் கீழ வச்சிட்டு வந்து பிடிங்கப்பா, அம்மா விழப்போறா!" அதுக்கு நான் சொல்லுதேன், "இரு இரு, இத முடிச்சிட்டு வாரேன்." அதோட கேசட்டு முடிஞ்சிருச்சு.

பூரணம் அந்த இடத்த மறுபடி போடச் சொன்னா. மறுபடியும். இப்ப தெனமும் அதே இடந்தான். ஒரு நாள் கேட்டா, "அப்புறம் நீங்க வந்து பிடிச்சீங்களா?" எனக்கு ஞாபகமில்லன்னேன். "இல்ல. விழுந்தேன்"ன்னா. கோவமாச் சொல்லல. சேலையக் கொஞ்சம் தூக்கி முட்டியத் தடவிக்கிட்டா. அங்க ஒரு தழும்பு இருக்கு. இத்தன வருசம் அது அவ பொறந்த வீட்டுல விழுந்த தழும்புன்னு நெனச்சிருந்தேன்.

அப்பத்தான் எனக்கு ஒன்னு தோணுச்சு. அவளுக்கு என்ன வேணும்? பிள்ளை குரலு. அத மறைக்கிறது எது? என் குரலு. அத எடுத்துட்டா? மதுரையில ஒரு சவுண்டு ஸ்டுடியோ இருக்காம். ஒருத்தர் குரல மட்டும் தனியாப் பிரிச்சு எடுத்துருவாங்களாம். ஆனா பிள்ளை குரல்ல ஒரு பொட்டு கொறையக் கூடாது. அதான் மூலத்தையும் கையோட கொண்டு போறேன். முடிச்சதும் ஒப்புப் பாக்கணும்லா.

பூரணம் வேண்டாம்ங்கா. "உங்க குரலு இருக்கட்டும்ங்க. அது இல்லன்னா பிள்ளை யார்கிட்டப் பேசுதான்னே தெரியாதே"ங்கா. அவ அப்படித்தான், எதையும் பரவால்லம்பா. பரவால்லன்னு விட முடியுமா?

ஆஸ்பத்திரிக்கும் போகணும். இடது கண்ணுல மட்டும் கொஞ்சம் வெளிச்சம் பாக்கி இருக்காம். அதக் காப்பாத்த மாசா மாசம் ஊசி போடணும், தவறக் கூடாதுன்னு சொல்லியிருக்காக. போன மாசம் வர முடியல. டிஸ்க்குக்கு இன்னொரு நகல் எடுத்துக்கிட்டிருந்தேன். இன்னைக்குப் போயிருவோம். முதல்ல ஸ்டுடியோ, பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கான். அவன் வேலை முடிஞ்சதும் ஆஸ்பத்திரி. அங்க சீட்டுக் கொடுக்கிறத மத்தியானத்தோட நிப்பாட்டிருவாங்கன்னு பூரணம் சொல்லுதா. பாப்போம். இல்லன்னா அடுத்த மாசம்.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வந்துருச்சா? பேச்சு சுவாரசியத்துல திருமங்கலம் தாண்டினதே தெரியல. பூரணம் எந்திரிச்சிட்டா பாருங்க. ஏளா, இரு! கூட்டம் இறங்கட்டும்! எங்க இருக்கீங்கன்னு கேக்கா. நான் இங்கன இருக்கேன், அவ டிரைவரப் பாத்துக் கூப்பிடுதா. இந்தா வாரேன்! இரு, இத எடுத்துக்கிட்டு வாரேன்!

தம்பி, ஒரு உபகாரம். படி ரொம்ப உசரம். நீங்க வெரசா முன்னால போயி அவ கையப் பிடிச்சுக் கொஞ்சம் இறக்கி விட்டுருங்களேன். எனக்கு ரெண்டு கையும் பையில இருக்கு. கீழ வைக்க முடியாதுல்லா.